பழைய மோட்டார் வீடு புதிதாகிறது

வீடு என்றால் அது ஓரிடத்தில் நிற்கும். நாம்தான் அதைவிட்டு வெளியே போவோம். மாலையில் திரும்பி வருவோம். அந்த வீடே நம்முடன் புறப்பட்டு வந்தால் எப்படி இருக்கும்? சமையலறை, படுக்கை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு, குளிர்ப்பெட்டி எல்லாம் சக்கரங்களின் மேல் ஏறிக்கொண்டு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்?

அதுதான் மோட்டார் வீடு. அமெரிக்காவில் இது மிகவும் பரவலான ஊர்தி. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் 1973 முதல் 1978 வரை ‘ஜி.எம்.சி.’ என்ற பெயரில் ஒரு மோட்டார் வீட்டைச் செய்து விற்றது. அலுமினியச் சட்டங்களாலான கூடு, அலுமினியத் தகடும் கண்ணாடியிழையும் சேர்ந்த உடல், முன்சக்கரங்களைச் சுழற்றும் எஞ்சின், தரையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த தளம் என்று அதற்குப் பல சிறப்புகள் உண்டு. ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 12,900 ஊர்திகள் உருவாயின. அவற்றுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அரை நூற்றாண்டு பழைய அத்தகைய ஊர்தி ஒன்று உங்கள் கைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிறீர்கள். மங்கிப்போன கம்பளம், உரிந்து தொங்கும் பலகை, ஒருவிதப் புழுங்கல் நாற்றம். உடனே உங்களுக்கு என்ன தோன்றும்? பழையதைப் பிய்த்தெறிந்து, வெள்ளை வண்ணம் பூசி, பளபளக்கும் ஓடுகள் பதித்து, கருங்கல் மேடை அமைத்துவிட வேண்டும் என்றுதானே?

சற்றுப் பொறுங்கள்! வண்ணம் பூசுவது இதில் கடைசி வேலை. அதற்குமுன் நீர், எடை, மின்சாரம், வாயு ஆகிய நான்கிற்கும் நாம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். இந்தச் சிறிய பெட்டிக்குள் மனிதர்கள் சமைக்கப் போகிறார்கள். கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு தூங்கப் போகிறார்கள். கணக்கில் பிழை நேர்ந்தால் விலை உயிராகவும் இருக்கலாம்.

முதல் எதிரி: நீர்

நிலத்தில் நிற்கும் வீடு அசைவதில்லை. மோட்டார் வீடோ ஓடும்போதெல்லாம் குலுங்குகிறது. சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்திற்கும் அதன் உடல் சிறிதளவு முறுகுகிறது. அதனால் சன்னல் ஓரங்களிலும், காற்றுப்போக்கிக்காகக் கூரையில் வெட்டிய துளைகளைச் சுற்றியும் உள்ள அடைப்புப் பசை நாளடைவில் வெடிக்கிறது. மயிரிழை போன்ற ஒரு வெடிப்புப் போதும். மழைநீர் உள்ளே புகுந்துவிடும்.

புகுந்த நீர் உடனே கண்ணில் படுவதில்லை. அது சுவருக்குள் வழிந்து, தரையின் ஒட்டுப்பலகையை அடைகிறது. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் வளர்வதில்லை. ஈரம் 30 விழுக்காட்டை நெருங்கினால் அவற்றிற்குக் கொண்டாட்டம்தான்! மேலே கம்பளம் புதிதாக இருக்கும். அடியில் பலகை பிஸ்கட்டைப் போல நொறுங்கும்.

ஈரத்தை எப்படிக் கண்டறிவது? உலர்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஈரம் ஏற ஏற அதன் மின்தடை வெகுவாகக் குறைகிறது. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி, அவற்றிற்கிடையே உள்ள மின்தடையை அளந்து, ஈரத்தின் விழுக்காட்டைக் காட்டும் சிறு கருவி உண்டு. புதுப்பிப்பவரின் கையில் முதலில் இருக்க வேண்டியது தூரிகை அன்று, இந்தக் கருவியே. ஒழுகும் இடத்தை வெளிப்புறத்திலிருந்து அடைத்து, உளுத்த மரத்தை வெட்டி எடுத்து, மிச்சமுள்ளதை நன்கு உலர்த்திய பிறகே புதுப்பலகை. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பலகை அறைவது, புரையோடிய புண்ணைப் பட்டுத்துணியால் மூடுவது போன்றது.

இன்னோர் எச்சரிக்கை. அந்நாளைய தரைவிரிப்புகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது. எனவே பழைய தரையைச் சுரண்டித் தேய்க்கும்முன் அதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. கல்நார்த் தூள் நுரையீரலுக்குப் பகை.

சுவருக்குள் பெய்யும் மழை

கூரையை அடைத்துவிட்டால் நீர்த்தொல்லை தீர்ந்ததா? இல்லை! உள்ளேயும் மழை உண்டாகிறது.

மோட்டார் வீட்டில் அடுப்பு எரிவது புரோப்பேன் வாயுவால். ஒரு புரோப்பேன் மூலக்கூறில் மூன்று கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது முழுமையாக எரியும்போது மூன்று கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளும் நான்கு நீர் மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. மூலக்கூறு எடைகளைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 44 கிராம் புரோப்பேன் எரிந்தால் 72 கிராம் நீராவி! அதாவது, ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான நீர் காற்றில் கலக்கிறது.

20 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மோட்டார் வீட்டின் உட்பரும அளவு 30 கன மீட்டர் என்று கொள்வோம். அதிலுள்ள காற்று முழுவதும் அதிகபட்சம் தாங்குவது அரை லிட்டர் நீர்தான். மூன்றில் ஒரு பங்கு கிலோ வாயு எரிந்தாலே அது நிறைந்துவிடும். போதாக்குறைக்கு நம் மூச்சு வேறு!

காற்றைக் குளிர்வித்தால் அதன் கொள்ளளவு குறைகிறது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே தாங்கும். பனிக்கால இரவில் வெளிச்சுவர் சில்லென்று இருக்கும். உள்ளிருக்கும் ஈரக்காற்று அதைத் தொட்டதும் நீர்த்துளிகள் அரும்பிவிடும். ஐஸ் நீர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே செயல்தான்.

ஜி.எம்.சி. ஊர்தியின் கூட்டைப் பொறியாளர்கள் அலுமினியத்தால் அமைத்து, அதன் உட்புறத்தில் பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சினார்கள். அலுமினியம் அந்த நுரையைவிட ஏறத்தாழ 8,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, நுரை பெயர்ந்து அலுமினியம் வெளியே தெரியும் இடமெல்லாம் வெப்பம் தப்பியோடும் பாலமாகிறது. அங்கேதான் துளிகளும் சேரும். பழுது பார்ப்பவர் அந்த இடங்களை மீண்டும் நிரப்ப வேண்டும். நுரை தீப்பற்றினால் நச்சுப்புகை எழும் என்பதால் அதைத் திறந்தபடி விடாமல் பலகையால் மூடவும் வேண்டும். சமைக்கும்போது கூரைக் காற்றுப்போக்கியைத் திறந்து, அதிலுள்ள விசிறியைச் சுழல விடுவதே எல்லாவற்றிலும் எளிய மருந்து.

ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு

நம் வீட்டுச் சமையலறையில் கருங்கல் மேடை அமைக்கும்போது அதன் எடையை யாரும் கேட்பதில்லை. பூமி தாங்கிக்கொள்கிறது. மோட்டார் வீட்டில் அந்த எடையை டயர்கள் தாங்க வேண்டும். பிரேக்குகள் நிறுத்த வேண்டும். முழுச் சுமையுடன் ஒரு பெரிய ஜி.எம்.சி. ஊர்தி ஏறத்தாழ 5 டன் இருக்கும். எவ்வளவு எடைவரை ஏற்றலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு கட்டியிருக்கிறார். காலி ஊர்தியின் எடையை அந்த வரம்பிலிருந்து கழித்தால் மிஞ்சுவது சிறிதளவே. மனிதர்கள், உணவு, துணிமணி, தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 150 கிலோ!

இப்போது தரைக்கு வருவோம். 8 மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் ஓடுகளை 6 சதுர மீட்டருக்குப் பதித்தால் ஓடுகளின் எடை மட்டும் 100 கிலோவைத் தாண்டும். அதே இடத்தில் 2 மில்லிமீட்டர் வினைல் விரிப்புப் போட்டால் 20 கிலோகூட ஆகாது. ஊர்தி முறுகும்போது ஓடு வெடிக்கும்; விரிப்பு வளைந்து கொடுக்கும். மேடைக்கும் இதே கதைதான். 2 சென்டிமீட்டர் கனமுள்ள கருங்கல் சதுர மீட்டருக்கு 54 கிலோ. 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையோ 7 கிலோ அளவுதான்.

எவ்வளவு எடை என்பது பாதிக் கேள்வி. எந்த இடத்தில் என்பது மறுபாதி. முன் அச்சுக்கும் பின்சக்கரங்களின் நடுவுக்கும் இடையே 4 மீட்டர் என்று கொள்ளுங்கள். பின்சக்கரங்களுக்கு 2 மீட்டர் பின்னால், ஊர்தியின் வால் பகுதியில், 200 கிலோ எடையுள்ள அலமாரியை வைக்கிறீர்கள். நெம்புகோல் தத்துவப்படி பின்சக்கரமே ஆதாரப் புள்ளி. 200 கிலோவை 2 மீட்டரால் பெருக்கி, 4 மீட்டரால் வகுத்தால் 100. ஆகவே முன்சக்கரங்களின்மீதுள்ள சுமையில் 100 கிலோ குறைந்துவிடுகிறது. பின்சக்கரங்களோ 200 அல்ல, 300 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கின்றன!

ஜி.எம்.சி. ஊர்தியைத் திருப்புபவையும் இழுப்பவையும் முன்சக்கரங்களே என்று சொன்னோம் அல்லவா? அவற்றின்மேல் சுமை குறைந்தால் சாலையைப் பற்றும் பிடி தளரும். ஈரச்சாலையில் திருப்பினால் ஊர்தி திரும்ப மறுக்கலாம். பின்டயர்களோ மிகைச் சுமையால் அதிகம் நசுங்கி, ஒவ்வொரு சுழற்சியிலும் சூடேறி, நெடுஞ்சாலை நடுவே வெடிக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வேலை தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் எடைமேடைக்குப் போகிறார்கள். முன்பக்கம், பின்பக்கம், வலம், இடம் என்று தனித்தனியே எடை பார்க்கிறார்கள்.

அலமாரிக் கதவின் தாழ்ப்பாளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 90 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் செல்லும் 10 கிலோ கருவிப்பெட்டியின் இயக்க ஆற்றல் 3,125 ஜூல். அதே பெட்டி 32 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழும்போது பெறும் ஆற்றலும் அதுதான். ஊர்தி எதன்மேலாவது மோதி நின்றால் பெட்டி நிற்காது. முன்னே அமர்ந்திருப்பவரை நோக்கிப் பறக்கும். எனவே தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்க வேண்டும். கனமான பொருள் தரைக்கு அருகில், சக்கரங்களுக்கு இடையில் இருக்க வேண்டும். இருக்கைகளை வெறும் பலகையில் திருகாமல், ஊர்தியின் சட்டத்தோடு பொருத்த வேண்டும்.

> செய்து பாருங்கள்
>
> மேசைமேல் இரண்டு பென்சில்களை வைத்து, அவற்றின் குறுக்கே 30 சென்டிமீட்டர் அளவுகோலை வையுங்கள். ஒரு பென்சில் 2-ஆம் சென்டிமீட்டரிலும் மற்றது 20-ஆம் சென்டிமீட்டரிலும் இருக்கட்டும். இவையே உங்கள் ஊர்தியின் முன், பின் சக்கரங்கள். இப்போது நாணயங்களை ஒவ்வொன்றாக 30-ஆம் சென்டிமீட்டர் முனையில் அடுக்குங்கள். சில நாணயங்களிலேயே முன்பக்கம் மேலே எழும்பிவிடும். அதே நாணயங்களை 10-ஆம் சென்டிமீட்டரில் அடுக்கினால் எழும்புகிறதா?

பன்னிரண்டு வோல்ட் உலகம்

காட்டோரத்தில் நிறுத்திய மோட்டார் வீட்டிற்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் பாட்டரி. 12 வோல்ட் கையில் பட்டால் அதிர்ச்சி தெரியாது. அதனால் அது ஆபத்தற்றது என்று எண்ணிவிடாதீர்கள். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 60 வாட் கருவி ஒன்று அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் எடுக்கும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் எடுக்கும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே கம்பியில் இழப்பு 100 மடங்காகிறது. எனவே 12 வோல்ட்டுக்குத் தடித்த கம்பி தேவை.

ஐம்பதாண்டுப் பழைய கம்பியின் உறை இறுகி வெடித்திருக்கும். எலி கடித்தும் இருக்கும். இரு கம்பிகள் உரசினால் பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, கம்பி செந்தணலாகிவிடும். ஆகையால் பலகைகளைக் கழற்றியிருக்கும்போதே கம்பிகளை மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஃபியூசை, அதுவும் பாட்டரிக்கு அருகிலேயே, பொருத்திவிட வேண்டும். பலகை மூடிய பிறகு நினைத்துப் பயனில்லை.

பழைய இழை விளக்குகள் ஐந்து, ஒவ்வொன்றும் 18 வாட் என்றால், அவை 7.5 ஆம்பியர் குடிக்கும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் பாதியைத்தான் செலவிடுவது நல்லது. அப்படியானால் விளக்குகள் ஏழு மணி நேரம்கூட எரியா. அவற்றிற்குப் பதிலாக 2 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்தைப் போட்டால் அதே பாட்டரி 60 மணி நேரம் வரும்.

நெருப்பால் குளிரும் பெட்டி

பழைய மோட்டார் வீடுகள் பலவற்றில் ஓர் அதிசயக் குளிர்ப்பெட்டி இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு தீச்சுடர் எரியும்; உள்ளே ஐஸ் உறையும்! சுவீடன் நாட்டு மாணவர்களான பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் மூன்டெர்சும் 1922-இல் கண்டுபிடித்த அமைப்பு இது. அம்மோனியா கரைந்த நீரைச் சுடர் சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே சென்று, குளிர்ந்து திரவமாகிறது. அது ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் விழுந்து மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைப் பறித்துக்கொள்கிறது. பிறகு நீரில் கரைந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. சுழலும் பகுதி ஒன்றுகூட இதில் இல்லை; திரவம் கீழிறங்குவது புவியீர்ப்பால்தான்.

அதனால்தான் ஊர்தியைச் சரிந்த தரையில் வெகுநேரம் நிறுத்தி இதை இயக்கக் கூடாது. திரவம் வழியில் தேங்கிவிடும். சூடேற்றும் பகுதி அளவுமீறிச் சுட்டு, நாளடைவில் குழாய் அடைபடும். பழைய பெட்டியைக் கழற்றுகிறவர் அதன் குழாய்களை ஒருபோதும் அறுத்துவிடக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் அம்மோனியாவும், துருவைத் தடுக்கச் சேர்த்த நச்சுப்பொருளான சோடியம் குரோமேட்டும் இருக்கின்றன.

கண்ணில் படாத மூவர்

மூடிய அறையில் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய வாயுக்கள் மூன்று.

முதலாவது, கசியும் புரோப்பேன். அதன் மூலக்கூறு எடை 44. காற்றின் சராசரி 29. எனவே அது கனமாகத் தரையில் தேங்குகிறது. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும். ஆகவே இதன் எச்சரிக்கைக் கருவி கணுக்கால் உயரத்தில் இருக்க வேண்டும். வாயுக் குழாய்களை நாமே தொடாமல், பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் விழிக்காமலே போகக்கூடும். எஞ்சினும் மின்னாக்கியும் இதை வெளியே விடுகின்றன. பழைய குழாயையோ கம்பியையோ எடுத்த இடத்தில் தரையில் ஒரு துளை எஞ்சியிருந்தால் அதுவே இந்த வாயுவின் வாசல். புதிய விரிப்பைப் போடுமுன் ஒவ்வொரு துளையையும் தேடி அடைக்க வேண்டும். படுக்கைக்கு அருகில் எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும். அக்கருவியின் ஆயுள் சில ஆண்டுகளே என்பதால் பழையதை நம்பக் கூடாது.

மூன்றாவது, ஃபார்மால்டிஹைடு. இது புதுப்பலகையிலிருந்தே வருகிறது! ஒட்டுப்பலகை, துகள்பலகை ஆகியவற்றின் பசையிலிருந்து இது மெல்லக் கசியும். வெயிலில் ஊர்தி சூடேறினால் இன்னும் வேகமாகக் கசியும். 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு இழுவை வீடுகளைத் தந்தது. அவற்றில் குடியேறியவர்கள் கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை என்று முறையிட்டனர். நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வீடுகளைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டது. காற்றின் நூறு கோடிப் பங்கில் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. வெளிக்காற்றில் இருப்பதைவிட இது பல மடங்கு. 2010-இல் இத்தகைய பலகைகளுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் அங்கே வந்தது. புதுப்பலகையின் வாசனை இனிமையாகத் தோன்றலாம். ஆனால் குறைந்த கசிவுள்ள பலகையைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

இனி வண்ணம் பூசலாம்!

நீரை நிறுத்தினோம், எடையை அளந்தோம், கம்பியை மாற்றினோம், வாயுவுக்குக் காவல் வைத்தோம். இப்போது தூரிகையை எடுக்கலாம். வெளிர்நிறம் ஒளியைச் சிதறடித்துச் சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அவசரத்தில் வெளியேறுவதற்கென்று ஒரு சன்னல் இருக்கும். அலமாரிக்கு அது எவ்வளவு பொருத்தமான இடமாகத் தோன்றினாலும் அதை மறைத்துவிடக் கூடாது.

இரயில் பெட்டி, மீன்பிடிப் படகு, நடமாடும் மருத்துவமனை, ஏன், விண்கலம்கூட இதே கணக்குகளுக்கு உட்பட்டவைதாம். மனிதர்களை உள்ளே வைத்துக்கொண்டு நகரும் எந்தப் பெட்டியிலும் ஒவ்வோர் ஆணியும் ஓர் இயற்பியல் கேள்வி. சரி, உங்கள் வகுப்பறையை இருபது மாணவர்களோடு சக்கரங்களின்மேல் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை, மேசை, பெஞ்சு, தண்ணீர்ப்பானை, புத்தகப் பைகள் ஆகியவற்றில் எதை எங்கே வைப்பீர்கள்? எதை இறக்கிவிடுவீர்கள்? நண்பர்களோடு சேர்ந்து எடைபோட்டு, ஒரு படம் வரைந்து பாருங்கள்.